பெரிய வேட்டை மீன்களை வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கடல்நீர்த் தொட்டிகளை அமைத்துப் பராமரித்து வரும் எனக்கு, களவா (குரூப்பர்), சிங்கமீன் (லயன்ஃபிஷ்), அஞ்சாளை (மோரே), கிளாத்தி (ட்ரிகர்ஃபிஷ்) போன்ற பவளப்பாறை வேட்டை மீன்களைப் பற்றி ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, எளியதிலிருந்து சிக்கலானதற்குப் போகும்படி அடுக்கியிருக்கிறேன்.

வேட்டை மீன்னு எதைச் சொல்றீங்க? எல்லா மீனும் இன்னொன்றைத் தின்னத்தானே செய்யும்?

உயிருள்ள மீனையோ இறாலையோ நண்டையோ முழுதாக விழுங்கியோ கடித்தோ உண்பதையே முதன்மை உணவாகக் கொண்ட மீன்களை இங்கே அப்படிச் சொல்கிறேன். களவா வாயை விரித்து இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். சிங்கமீன் தன் பக்கத் துடுப்புகளைச் சிறகாக விரித்து இரையை மூலையில் ஒதுக்கிவிட்டு, ஒரு நொடியில் விழுங்கும். அஞ்சாளையின் தொண்டைக்குள் இரண்டாவது ஒரு தாடை இருக்கிறது. வாய்த்தாடை கவ்வியதும் உட்தாடை முன்னால் வந்து இரையைப் பற்றி உள்ளே இழுக்கும். இதை ஆய்வாளர்கள் 2007 இல்தான் விளக்கமாக வெளியிட்டார்கள்.

வளர்ப்பவருக்கு இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. இம்மீன்கள் உண்பது முழுக்கப் புரதம் என்பதால் கழிவாக வெளியேறும் அம்மோனியாவும் மிகுதி. வாய்க்குள் அடங்கும் எந்த உயிரும் அவற்றுக்குத் துணை அன்று, உணவே. இந்த இரண்டையும் மனத்தில் கொண்டால் பின்வரும் விடைகளில் பாதியை நீங்களே சொல்லிவிடலாம்.

கடையில பார்த்தப்போ ரெண்டு மூணு அங்குலம்தான் இருந்துச்சு. மூணடித் தொட்டி போதாதா?

போதாது. வெள்ளை உடலில் கறுப்புப் பொட்டுகளோடு, தலையைக் கீழே சாய்த்து ஆடி ஆடி நீந்தும் பாந்தர் களவாக் குஞ்சைப் பார்த்து மயங்காதவர் குறைவு. அது முழு வளர்ச்சியில் 70 செ.மீ. வரை போகும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட எம்பரர் ஸ்னாப்பர் குஞ்சு அதைவிடப் பெரிதாகி, அழகிய பட்டைகளையும் பெரும்பாலும் இழந்துவிடும். கிளௌன் கிளாத்தி 50 செ.மீ., டைட்டன் கிளாத்தி 75 செ.மீ. வரை வளரக்கூடியவை. ஜயன்ட் மோரே எனப்படும் பெரிய அஞ்சாளை 3 மீட்டரைத் தொடும். கடைக்காரர் விற்பது குஞ்சை. நீங்கள் வளர்க்கப்போவது முழு மீனை.

சின்ன தொட்டியில் விட்டால் மீன் தொட்டிக்குத் தக்கபடி சிறிதாகவே இருந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வளர்ச்சி குன்றுவது தகவமைப்பு அன்று, நோய். கழிவு தேங்கிய நீரில் முதுகு வளைந்து, செவுள் மூடி சுருண்டு, சில ஆண்டுகளில் இறக்கும் மீனைத்தான் அவர்கள் "சின்னதாவே இருக்கு" என்கிறார்கள்.

அப்போ எத்தனை லிட்டர் வேணும்? எங்க வீட்டு மாடி தாங்குமா?

ஓரடிக்கு மேல் வளரும் எந்த வேட்டை மீனுக்கும் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டியையே தொடக்க அளவாகச் சொல்வேன். இரண்டடியைத் தாண்டுகிற மீனுக்கு அதுவும் போதாது. திரும்புவதற்கே அகலம் மூன்றடி வேண்டும். உயரத்தைக் கூட்டுவதால் மீனுக்குப் பயனில்லை. கண்ணாடியின் செலவும் கை விட்டுத் துடைக்கும் தொல்லையும்தான் கூடும்.

ஆறடித் தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி, அதாவது ஏறத்தாழ 680 லிட்டர். கடல்நீர் மட்டுமே 700 கிலோ. கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். அவ்வளவும் ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடத்தில் இறங்குகிறது. வீட்டுத் தளங்களுக்கு இந்தியத் தரநிலை வகுத்துள்ள பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், ஏறத்தாழ 200 கிலோதான். ஆகவே தரைத்தளமே நல்லது. மாடியில்தான் வைக்க வேண்டுமென்றால், பீம் ஓடும் இடத்தில் சுவரை ஒட்டி வைக்க முடியுமா என்பதைக் கட்டுமானப் பொறியாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புதுச்சேரியின் பழைய வீடுகளில் மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம் இருந்தால் மாடியை மறந்துவிடுங்கள்.

முதல் தடவை வளர்க்கிறேன். எதை வாங்கலாம்?

ஏழு அங்குலத்துக்குள் நின்றுவிடும் ஃபஸ்ஸி ட்வார்ஃப் சிங்கமீனைச் சொல்வேன். நான்கடித் தொட்டியில் அதை மனநிறைவோடு வளர்க்கலாம். அடுத்தது ஸ்னோஃப்ளேக் அஞ்சாளை: பற்கள் மழுங்கியவை, பெரும்பாலும் நண்டு, இறால் உண்பது, வீட்டில் இரண்டடி அளவில் வளர்வது. ஆனால் மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் வெளியேறிவிடும். குழாய் நுழையும் துளையைக்கூட வலையால் அடைக்க வேண்டும். காலையில் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடந்ததைக் கண்டவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

கல் உப்புதானே? மரக்காணம் உப்பளத்துல மூட்டை மூட்டையாக் கிடைக்குதே, அதைப் போடக்கூடாதா?

கூடாது. கடல்நீரை வற்றவைக்கும்போது அதிலுள்ள உப்புகள் ஒன்றாக இறங்குவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட்டும் பின்னர் ஜிப்சமும் படிந்துவிடுகின்றன. அதன் பிறகே சோடியம் குளோரைடு பூக்கிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரோடு வெளியேற்றப்படுகின்றன. பாத்தியில் வாரிக் குவிக்கப்படுவது ஏறத்தாழ முழுக்கச் சோடியம் குளோரைடுதான். இயற்கைக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1,290 மி.கி. மக்னீசியமும் 410 மி.கி. கால்சியமும் 390 மி.கி. பொட்டாசியமும் இருக்கின்றன. கல் உப்புக் கரைசலில் இவை இல்லை. அமிலத்தன்மை ஏறாமல் தாங்கும் கார்பனேட்டும் இல்லை. உப்புக்கரிப்பு சரியாக இருக்கும், மீன் இருக்காது.

கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கும் சிந்தெடிக் உப்பை ஆர்.ஓ. நீரில் கரைப்பதே முறை. ஆறடித் தொட்டிக்கு முதலில் ஏறத்தாழ 25 கிலோவும், ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றும் ஒவ்வொரு முறையும் 5 கிலோவும் தேவைப்படும். கடற்கரைப் பகுதிகளில் போர் தண்ணீரின் உப்பும் கடினத்தன்மையும் இடத்துக்கு இடம் மாறுவதால் அதை நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம்.

கடலே பக்கத்துல இருக்கு. ரெண்டு கேன் தண்ணி எடுத்துட்டு வந்தா செலவு மிச்சமாச்சே?

மிச்சம்தான், ஆனால் கரையில் எடுக்கக்கூடாது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலும் கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலும் நீரின் மேல் டீசல் படலம் மிதப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கடலூரில் உப்பனாற்றை ஒட்டி ரசாயனத் தொழிற்சாலைகள் கொண்ட சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதால் அந்த முகத்துவாரப் பகுதியை நான் அறவே தவிர்க்கிறேன். தெரிந்த மீனவர் யாரேனும் சில கிலோமீட்டர் உள்ளே போகும்போது புதிய கேன்களில் எடுத்துவரச் சொல்லலாம்.

வடகிழக்குப் பருவமழையின்போதும் அது முடிந்த சில வாரங்களிலும் தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி ஆறுகளின் நன்னீர் கலந்து கரையோரக் கடலின் உப்பு குறைந்துவிடும். ஆகவே உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்காமல் ஊற்றாதீர்கள்; ஒப்படர்த்தி, அதாவது நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.023 முதல் 1.026 வரை இருக்க வேண்டும். கொண்டுவந்த நீரை வடிகட்டி, வெளிச்சம் படாத டிரம்மில் இரண்டு வாரம் வைத்து, தெளிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி போட்ட மறுநாளே மீன் விடலாமா?

நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுக்க வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் ஃபில்டரிலும் குடியேற அவ்வளவு காலம் ஆகும். ஓர் இறால் துண்டையோ அளந்த அம்மோனியா கரைசலையோ இட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மீனை விடுங்கள். கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீரைவிட இதில் கூடுதல் நஞ்சாகும்.

பெரிய வேட்டை மீன் ஒரே வேளையில் உண்டு கழிப்பது சின்ன மீன்கள் பத்து கழிப்பதற்குச் சமம் என்பதால், கீழே வடிகட்டும் கருவிகளை வைக்க ஒரு சம்ப் தொட்டியும், தொட்டியின் அளவைப்போல் இரு மடங்குக்குத் தகுதியான புரோட்டீன் ஸ்கிம்மரும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிம்மர் கழிவுப் புரதத்தை அது அழுகி அம்மோனியாவாகும் முன்பே நுரையாகப் பிரித்துவிடுகிறது. ஃபில்டர் வாங்கும்போது சிக்கனம் பார்ப்பவர்கள், மிச்சப்படுத்திய பணத்தைப் பின்னால் நீர் மாற்றுவதற்கான உப்பு மூட்டைகளுக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

தினமும் தீனி போடணுமா? உயிரோட கோல்ட் ஃபிஷ் போட்டா வேட்டையாடுறதைப் பார்க்க நல்லா இருக்குமே?

குஞ்சுகளுக்குத் தினமும் சிறிதளவு, வளர்ந்த மீனுக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை போதும். கடலில் கிடைக்கும் நாளில் உண்டு கிடைக்காத நாளில் பட்டினி கிடக்கும் உடலமைப்பு இவற்றுக்கு. கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் ஈரலில் கொழுப்பு படிந்து இறக்கும். களவா உங்களை அடையாளம் கண்டு, நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடியருகே வந்து நிற்கும். அது பசி அன்று, பழக்கம்.

நன்னீர்க் கோல்ட் ஃபிஷ்ஷை ஒருபோதும் போடாதீர்கள். அதன் கொழுப்பு கடல் மீனுக்கு ஏற்றதன்று. வைட்டமின் பி1ஐ அழிக்கும் தயாமினேஸ் என்னும் நொதியும் அதில் உண்டு. மாதக்கணக்கில் அதையே தின்ற மீன் உணவை எடுக்கத் தடுமாறி, பக்கவாட்டில் சாயத் தொடங்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, மார்க்கெட் மீனே போடலாமா? எதை, எப்படி?

தோலோடு இறால், கணவாய், நண்டுச் சதை, மட்டி, வெள்ளைச் சதை மீன் துண்டு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். மத்தி, நெத்திலி வகைகள் சிலவற்றிலும் மேலே சொன்ன தயாமினேஸ் இருப்பதால் அவற்றை மட்டுமே நம்பக்கூடாது. கிளாத்திக்கும் ஸ்னோஃப்ளேக் அஞ்சாளைக்கும் ஓடுள்ள உணவு கட்டாயம். கிளாத்தியின் பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் மட்டியைக் கடித்து உடைத்துத் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியதை அலசி, மீனின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தொலைவுக்கு மேற்படாத துண்டுகளாக நறுக்கி, ஒரு வாரமாவது ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கொடுத்தால் ஒட்டுண்ணிகள் பெரும்பாலும் மடிந்துவிடும். உருகிய நீரைக் கொட்டிவிடுங்கள். வாரம் ஒரு முறை வைட்டமின் சொட்டுகளில் ஊறவைத்துக் கொடுப்பது நல்லது. பெரிய துண்டாகக் கொடுத்தால் களவா விழுங்கிவிட்டு நள்ளிரவில் கக்கும். காலைக்குள் தொட்டி நீர் பால் கலந்ததுபோல் மங்கியிருக்கும்.

சிங்கமீன் வாங்கி ஒரு வாரம் ஆச்சு, எதையும் தொட மாட்டேங்குது. என்ன பண்றது?

அசையாத உணவை அது உணவாக அறிவதில்லை. விரல் நீளக் கணவாய்ப் பட்டையை நீண்ட பிளாஸ்டிக் இடுக்கியின் நுனியில் பிடித்து, மாலையில் விளக்கைக் குறைத்து, பவர்ஹெட் எனப்படும் நீரோட்டப் பம்பின் வீச்சில் துடிக்கும்படி மீனின் முகத்துக்கு நேரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் அசையுங்கள். முதலில் துடுப்புகள் விரியும். பிறகு கண்களுக்கு மேலுள்ள இழைகள் நிமிரும். அப்போது கையை நிறுத்திவிடாமல் துண்டை மெல்ல விலக்கிக்கொண்டு போனால் பாய்ந்து எடுக்கும். அதற்கும் மசியாவிட்டால் உயிருள்ள கடல் இறால் குஞ்சுகளைச் சில வேளை கொடுத்துப் பழக்கி, பின்னர் இறந்த இறாலுக்கு மாற்றலாம்.

நல்ல உடலோடு வந்த மீன் இரண்டு வாரப் பட்டினியைத் தாங்கும். வயிறு உள்வாங்கி, முதுகு கூர்மையாகத் தெரிகிற மீனைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். வாங்கும் முன் உங்கள் கண்ணெதிரே அதற்குத் தீனி போடச் சொல்வது மரியாதைக் குறைவு அன்று.

நீமோவும் சிங்கமீனும் ஒண்ணா இருக்குமா? பவளமும் வைக்கலாமா?

முதல் விடையில் சொன்னதே இதற்கும் விடை. சிங்கமீன் தன் நீளத்தில் பாதி அளவுள்ள மீனை விழுங்கும். ஒத்த அளவுள்ள சர்ஜன் மீன், பெரிய ஏஞ்சல் மீன் போன்றவற்றோடு அது பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கிளாத்தியோடு சிங்கமீனைச் சேர்க்காதீர்கள். அது சிங்கமீனின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் குதறும். ஹீட்டர் வயர், ஏர் குழாய் எதையும் அது விடாது. டைட்டன் கிளாத்தியைத் தனித்தொட்டி இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

களவாவும் சிங்கமீனும் பவளத்தைத் தின்பதில்லை. ஆனால் அவற்றின் தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 40 மி.கி.க்குக் கீழே இருந்தாலே நல்ல பராமரிப்பு என்று கொள்ளலாம். பவளங்களுக்கு அது மிக அதிகம். அதைவிடப் பெரிய தடை சட்டம். அதற்குக் கீழே வருகிறேன்.

கத்திரி வெயில்ல சில்லர் இல்லாம ஓட்ட முடியாதா?

ஏசி இடைவிடாமல் ஓடும் அறையாக இருந்தால் முடியும். இல்லாவிட்டால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் தேவை. இம்மீன்களுக்கு 25 முதல் 27 டிகிரி ஏற்றது. மே மாதத்தில் அறை வெப்பமும் பம்புகளின் சூடும் சேர்ந்து தொட்டி 32ஐத் தாண்டிவிடும். 25 டிகிரியில் கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும், 32 டிகிரியில் 6 மி.கி. அளவுதான். அதே நேரத்தில் மீனின் தேவையோ கூடுகிறது. நீர்ப்பரப்பின் மேல் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையலாம். ஆனால் கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் ஆவியாதல் மந்தமாக இருப்பதால் அந்தப் பயனும் குறைவே.

புயல் வந்து நாலு நாள் கரண்ட் இல்லைன்னா மொத்தமும் போயிடுமா?

நம் பகுதிக்கு இது கற்பனைக் கேள்வி அன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாட்கள் பல ஆயின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

மீனைக் கொல்வது முதலில் ஆக்சிஜன் குறைவு, அடுத்து அம்மோனியா. எச்சரிக்கை வந்த நாளிலிருந்தே தீனியை நிறுத்திவிடுங்கள். வளர்ந்த வேட்டை மீன் ஒரு வாரம் உண்ணாமல் இருப்பதால் ஒன்றும் ஆகாது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி கொண்ட இன்வெர்ட்டரில் 40 வாட் பம்பு ஒன்றை மட்டும் ஓட்டினால் ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். சில்லரையும் விளக்கையும் அதில் இணைக்காதீர்கள். பேட்டரி ஏர் பம்புகள் இரண்டும், முன்கூட்டியே கரைத்து வைத்த ஒரு டிரம் உப்புநீரும் வீட்டில் இருக்க வேண்டும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே அழுகிய நீரைக் கொட்டிக் கழுவாமல் மீண்டும் இயக்காதீர்கள்.

உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளி. கடையில கொடுத்த காப்பர் மருந்தை ஊத்தலாமா?

அது கிரிப்டோகேரியான் என்னும் ஒட்டுண்ணியாக இருக்க வாய்ப்புண்டு. மீனின் மேல் சில நாட்கள் இருந்து, கீழே உதிர்ந்து, கல்லிலும் மணலிலும் கூடு கட்டிப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி வரும். புள்ளிகள் மறைந்ததை வைத்து நோய் போய்விட்டது என்று எண்ணுவது இதனால்தான் தவறு. மருந்தைப் பிரதான தொட்டியில் ஊற்றாதீர்கள். கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சி அளவைக் குழப்பும். மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, காப்பர் டெஸ்ட் கிட் கொண்டு அளந்து அளந்து கொடுக்க வேண்டும். பிரதான தொட்டியைப் பத்துப் பதினோரு வாரம் மீனின்றி ஓடவிட வேண்டும்.

அஞ்சாளைக்கும் சுறாவுக்கும் காப்பர் ஆகாது; சிங்கமீனுக்கும் கவனம் தேவை. நோயை உள்ளே விடாமல் இருப்பதே மலிவு என்பதால், புதிய மீன் ஒவ்வொன்றையும் நான்கு முதல் ஆறு வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.

சிங்கமீன் முள் குத்திட்டா உயிருக்கு ஆபத்தா?

உடல்நலம் உள்ளவர்களுக்கு உயிரிழப்பு மிக அரிது. வலி கடுமையாக இருக்கும். முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, பின்துடுப்பில் 3 என 18 நச்சு முட்கள் உள்ளன. குத்தியவுடன், காயம்படாத கையால் சூட்டைச் சோதித்து, தாங்கக்கூடிய 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் காயத்தை 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். நச்சுப் புரதம் வெப்பத்தில் சிதையும். கட்டுப் போடுவதும் கீறி உறிஞ்சுவதும் வேண்டாம். மூச்சுத்திணறல், மயக்கம், பரவும் வீக்கம் இருந்தால் தாமதிக்காமல் ஜிப்மர் போன்ற அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முள் உள்ளே முறிந்திருக்கலாம் என்பதாலும் டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம் என்பதாலும், வலி அடங்கிவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இதெல்லாம் வளர்க்கச் சட்டம் அனுமதிக்குதா?

இனத்தைப் பொறுத்தது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஜயன்ட் குரூப்பர் என்னும் ராட்சதக் களவா, கடல்குதிரைகள், கடல் அட்டைகள், கல் பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கிறது. ராட்சதக் களவாவின் மஞ்சள், கறுப்புக் குஞ்சுகள் "பம்பிள்பீ" என்ற பெயரில் வந்தால் அடையாளம் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவில் எதையும் பிடிக்கக்கூடாது. அலங்காரத்துக்கு இறந்த பவளத் துண்டைத் தொட்டியில் வைப்பதும் குற்றமாகலாம். செராமிக்கில் செய்த செயற்கைப் பாறையே போதும், பாக்டீரியாவுக்கு வேறுபாடு தெரியாது.

சுறா முட்டை கிடைக்குதாமே, பொரிக்க வச்சு வளர்க்கலாமா?

பேம்பூ சுறாவே ஒரு மீட்டர் வளர்வது; தரையில் படுத்து ஊர்வது. ஆறடித் தொட்டியில் அது திரும்பித் திரும்பிக் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். பத்தடிக்கு ஆறடித் தரைப்பரப்பு உள்ள தொட்டி இல்லாதவர்களுக்கு என் விடை "வேண்டாம்" என்பதே. பிளாக்டிப் ரீஃப் எனப்படும் கரும்பாறைச் சுறாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மீன் ரொம்பப் பெருசாயிடுச்சு. வங்கக்கடல் மீன்தானே, கொண்டுபோய்க் கடல்லயே விட்டுட்டா?

விடக்கூடாது. 1985 இல் ஃபுளோரிடா கடலில் முதன்முதலாகக் காணப்பட்ட சிங்கமீன், பெரும்பாலும் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாகவே கருதப்படுகிறது; இன்று அது கரீபியன் முழுவதும் பரவி உள்ளூர் மீன் குஞ்சுகளை அழித்துவருகிறது. சிங்கமீன் நம் கடலுக்கு உரியதுதானே என்றால், உங்கள் தொட்டியில் இருக்கும் தனி மீன் எந்தக் கடலில் பிடிக்கப்பட்டது என்பது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது. கடையில் பல நாட்டு மீன்களோடு நீரைப் பகிர்ந்து அது சுமந்து வந்த நோய்க்கிருமிகள் எவை என்பதும் தெரியாது. ஏரி குளங்களில் டேங்க் கிளீனர் மீன் பெருகியிருப்பதும் இப்படி விட்டதால்தான்.

வாங்கும் முன்பே, வளர்ந்ததும் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பாளர் ஒருவரின் எண்ணையும் குறித்துவையுங்கள். இரண்டும் கிடைக்காவிட்டால் அந்த இனத்தை வாங்காமல், மேலே சொன்ன ஃபஸ்ஸி ட்வார்ஃபைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே பெரிய மீன் கையில் இருந்து, அதைக் கொடுக்க இடமும் இல்லையென்றால், தீனியைக் குறைத்து நீர் மாற்றத்தை வாரம் ஒரு முறையாக்கிக்கொண்டு, அதற்குள் பெரிய தொட்டிக்கு வழி தேடுங்கள். நீர் மாற்றும்போது வெப்பமும் ஒப்படர்த்தியும் பழைய நீரோடு ஒத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.